துப்பு கொடுத்தால் சன்மானம்: துலங்காத கொலை வழக்குகளில் அரசு பணம் அறிவிப்பது ஏன், எப்படி?

கொலை நடந்து இருபது, முப்பது வருடம் ஆன பிறகு ஒரு நாள் போலீஸ் அதிகாரிகள் செய்தியாளர்களைக் கூப்பிடுகிறார்கள். அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் இறந்துபோனவரின் அண்ணனோ, மகளோ, வயதான அம்மாவோ உட்கார்ந்திருப்பார். “கொலையாளியைப் பற்றித் துப்பு கொடுப்பவருக்கு இத்தனை லட்சம் வரை சன்மானம்” என்று அறிவிப்பு வரும். மறுநாள் செய்தியில் அந்தத் தொகைதான் தலைப்பு.

படிப்பவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. இத்தனை காலம் பேசாதவர் இப்போதா பேசப்போகிறார்? காசுக்காக வருகிறவர் சொல்வதை எப்படி நம்புவது? கடைசியில் பணத்தைக் கொடுக்கிறார்களா, இல்லை வெறும் விளம்பரமா? நியாயமான கேள்விகள்தான். இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

முதலில் அடிப்படை. பல நாடுகளில் கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. ஆதாரம் கிடைக்காமல் விசாரணை நின்றுபோனாலும் கோப்பு மூடப்படுவதில்லை. சாட்சி இல்லை, ஆயுதம் கிடைக்கவில்லை, தடயங்கள் எதையும் சொல்லவில்லை என்ற நிலையில், இனி வழக்கு நகர வேண்டுமானால் யாராவது ஒரு மனிதர் வாயைத் திறக்க வேண்டும். அந்த மனிதருக்கு அரசு பகிரங்கமாகக் கொடுக்கும், நிபந்தனைகளோடு கூடிய வாக்குறுதிதான் இந்தச் சன்மானம்.

இதை மிகவும் முறைப்படுத்தி வைத்திருக்கும் நாடுகளில் ஆஸ்திரேலியா முக்கியமானது. அங்கே நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா போன்ற மாநிலங்கள் பல பழைய வழக்குகளுக்கு 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அறிவித்திருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 50,000 டாலர் என்பது நெடுநாள் பழகிய தொகை. அமெரிக்காவில் எஃப்பிஐ, மாநில அரசுகள், நகர நிர்வாகங்கள் என்று பலரும் தனித்தனியாக அறிவிப்பார்கள்.

யாருக்காக இந்த அறிவிப்பு?

செய்தி ஊருக்கெல்லாம் போகிறது. ஆனால் போலீஸ் மனதில் வைத்திருப்பது ஒரே ஒரு ஆளை. ஏற்கெனவே விஷயம் தெரிந்த ஆள் அவர். கொலையாளியின் மனைவியாக இருந்தவர், கூடக் குடித்த நண்பர், அன்றிரவு கார் ஓட்டியவர், சிறையில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர். கொலை செய்தவன் என்றோ ஒரு நாள் யாரிடமாவது உளறியிருப்பான், அல்லது யாரோ எதையோ பார்த்திருப்பார்கள் என்ற கணிப்பில்தான் இந்தப் பணம் வைக்கப்படுகிறது.

இங்கே காலம் ஒரு விசித்திரமான வேலை செய்கிறது. தடயத்தை அழிக்கும் அதே காலம் உறவுகளையும் மாற்றிவிடுகிறது. இருபது வயதில் பயந்து நடுங்கிய பெண் ஐம்பது வயதில் பயப்படுவதில்லை. கல்யாணம் முறிந்துபோகிறது, கூட்டாளிகள் பிரிகிறார்கள், மிரட்டியவன் செத்தே போகிறான். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்த பிறகு, பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு தாயின் நினைவு தூங்கவிடாமல் செய்யும். அதனால்தான் சன்மானம் பெரும்பாலும் வருடங்கள் கழித்து அறிவிக்கப்படுகிறது, அல்லது கூட்டப்படுகிறது. தாமதம் என்று நாம் நினைப்பது பல நேரம் காத்திருப்புதான்.

சிட்னியில் நடந்த ஸ்காட் ஜான்சன் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவிலிருந்து வந்த 27 வயதுக் கணித ஆய்வு மாணவர் அவர். 1988 டிசம்பரில் மேன்லிக்கு அருகே நார்த் ஹெட் பாறை முகட்டின் அடியில் சடலமாகக் கிடந்தார். 1989இல் நடந்த மரண விசாரணை தற்கொலை என்று முடித்துவிட்டது. அவருடைய அண்ணன் அதை ஏற்கவில்லை. விடாமல் போராடினார். 2012இல் இரண்டாவது விசாரணை எந்த முடிவுக்கும் வரவில்லை. 2017இல் மூன்றாவது விசாரணை, ஸ்காட் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதால் எழுந்த வெறுப்பில் நடந்த வன்முறையோ மிரட்டலோதான் அவர் விழக் காரணம் என்று சொன்னது. 2018 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் 10 லட்சம் டாலர் அறிவித்தது. 2020 மார்ச்சில் அண்ணன் தன் பங்குக்கு இன்னொரு 10 லட்சம் சேர்த்தார். அதே வருடம் மே மாதம் ஒருவர் கைதானார். கொலைக் குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டது மேல்முறையீட்டில் ரத்தாகி, பிறகு கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2023இல் 9 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

அந்த வழக்கில் போலீசுக்குத் தகவல் எழுதியவர்களில் முக்கியமானவர் கைதானவரின் முன்னாள் மனைவி. பணத்துக்காகத்தான் முன்வந்தீர்களா என்ற கேள்வியை அவர் நீதிமன்றத்தில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. இல்லை என்றார். அவர் மனதில் என்ன இருந்தது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் சன்மானம் உள்ள ஒவ்வொரு வழக்கிலும் முக்கியமான சாட்சி இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

என் கணிப்பில், பணம் பேராசையைத் தூண்டுவதைவிட அதிகமாகச் செய்யும் வேலை வேறு. பேசலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கிறது. “அரசாங்கம் இந்தச் சாவை மறக்கவில்லை, இப்போது சொன்னாலும் கேட்பார்கள்” என்ற சேதி அதில் இருக்கிறது. ஊரை விட்டுப் போகவும், வேறு இடத்தில் வாழ்க்கையைத் தொடங்கவும் பணம் தேவைப்படுகிற சாட்சிகளும் உண்டு. கொலையாளிக்கு நெருக்கமாக இருந்தவர் அவனைக் காட்டிக்கொடுத்த பிறகு பழைய வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா? அந்தக் கோணத்தில் பார்த்தால் பெரிய தொகை ஆடம்பரம் இல்லை.

அறிவிப்பை எப்படிப் படிக்க வேண்டும்?

ஒரு சன்மான அறிவிப்பில் ஒவ்வொரு சொல்லும் யோசித்து வைக்கப்பட்டது. விக்டோரியா மாநிலத்தின் அறிவிப்புகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் சாரம் இதுதான்: குற்றம் செய்தவர் பிடிபட்டு, பிறகு தண்டிக்கப்படுவதற்கு வழிவகுக்கும் தகவலுக்கு, தலைமைப் போலீஸ் ஆணையரின் முடிவுக்கு உட்பட்டு, 10 லட்சம் டாலர் வரை வழங்கப்படும்.

இதில் “வரை” என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். தலைப்புச் செய்தி அதைத்தான் முதலில் விழுங்கிவிடும். 10 லட்சம் என்பது உச்சவரம்பு. ஒருவர் கொடுத்த தகவல் வழக்கை எவ்வளவு தூரம் நகர்த்தியது என்று பார்த்துத்தான் தொகை முடிவாகும். பெயரைச் சொன்னவர் ஒருவர், ஆயுதம் இருந்த இடத்தைச் சொன்னவர் இன்னொருவர், ‘அப்போது நான் வேறு இடத்தில் இருந்தேன்’ என்ற பொய்யை (அலிபி) உடைத்தவர் மூன்றாமவர் என்றால் பணம் பிரியும்.

பிரிப்பது லேசான காரியம் கிடையாது. ஆஸ்திரேலியாவிலேயே பழைய சான்று உண்டு. மூன்று போலீசாரைக் கொன்ற நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரனின் கும்பலைப் பிடிக்க 8,000 பவுண்டு சன்மானம் இருந்தது. 1880இல் கும்பல் ஒழிந்த பிறகு அதைப் பங்கிட ஒரு தனி வாரியமே அமைக்கப்பட்டது. அதிகாரிகளுக்கு நூற்றுக்கணக்கில் பவுண்டுகள் போயின. காட்டில் தடம் பார்த்து உதவிய பழங்குடி மக்களுக்குத் தலைக்கு 50 பவுண்டு என்று எழுதிவிட்டு, அந்தப் பணத்தையும் அவர்கள் கையில் கொடுக்காமல் அரசுகளிடமே ஒப்படைத்தார்கள். வாக்குறுதி கொடுத்தவர் கையிலேயே பங்கிடும் அதிகாரமும் இருந்தால் என்ன அநியாயம் நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது “தண்டிக்கப்படுவதற்கு”. இந்த நிபந்தனை இருந்தால், கைது ஆனதும் பணம் வராது. வழக்கு நடக்க வேண்டும், தீர்ப்பு வர வேண்டும், சில நேரம் மேல்முறையீடும் முடிய வேண்டும். வருடங்கள் ஆகலாம். சரி, குற்றவாளி விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டால்? 2013 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் இந்தச் சிக்கல் வந்தது. முன்னாள் போலீஸ்காரரான டோர்னர் மூன்று பேரைக் கொன்றுவிட்டுத் தலைமறைவானார். அவரைப் பிடிக்க 10 லட்சம் அமெரிக்க டாலர் அறிவிக்கப்பட்டது. பிடிபடும் நேரத்தில் மலைக்குடில் ஒன்றில் அவர் இறந்துபோனார். அறிவிப்பில் ‘பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டால்’ என்றுதான் இருந்தது. செத்தவரைத் தண்டிக்க முடியாதே! தொகைக்குப் பங்களித்தவர்களில் சிலர் அதைச் சுட்டிக்காட்டிப் பின்வாங்கினார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூன்று பேர் உட்கார்ந்து, அவரிடம் சிக்கிக் கட்டிப்போடப்பட்டு, விடுபட்டுப் போலீசுக்குப் போன் செய்த தம்பதிக்குப் பெரும்பங்கு என்று முடிவு செய்தார்கள்.

இந்த நிபந்தனை இல்லாத அறிவிப்பும் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 2014இல் காணாமல்போன மூன்று வயதுச் சிறுவன் வில்லியம் டைரலுக்காக 2016இல் 10 லட்சம் டாலர் அறிவித்தபோது, சிறுவனைக் கண்டுபிடிக்க உதவினால் போதும், யாரும் தண்டிக்கப்பட வேண்டியதில்லை என்றார்கள். குடும்பத்துக்குப் பதில் கிடைப்பதே முதல் நோக்கம் என்ற முடிவு அது. அதனால் அறிவிப்பைப் படிக்கும்போது எதற்குப் பணம் என்பதை முதலில் பாருங்கள். கைதுக்கா, தண்டனைக்கா, உடல் கிடைப்பதற்கா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

மூன்றாவது விஷயம் பலர் கண்ணில் படுவதேயில்லை. பல ஆஸ்திரேலிய அறிவிப்புகளின் கடைசியில், முக்கியக் குற்றவாளி யார் என்று சொல்பவருக்கு வழக்கிலிருந்து விலக்களிப்பது பரிசீலிக்கப்படும் என்று ஒரு வரி இருக்கும். சடலத்தை மறைக்க உதவியவர், பொய் சொல்லிக் காப்பாற்றியவர், வண்டி ஓட்டியவர் ஆகியோருக்கான வரி அது. அவர்களுக்குப் பணத்தைவிடப் பயம்தான் பெரிது. “நானும் உள்ளே போக வேண்டியிருக்குமோ” என்ற பயம். நம் ஊர்ப் பேச்சில் அப்ரூவர் ஆவது என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் விலக்கு தானாகக் கிடைத்துவிடாது. விக்டோரியாவில் அரசுத் தலைமை வழக்குத் தொடுநரும், நியூ சவுத் வேல்ஸில் அட்டர்னி ஜெனரலும்தான் அதை முடிவு செய்வார்கள். போன் எடுக்கும் அதிகாரி வாய்மொழியாக உறுதி கொடுக்க முடியாது. இந்த நிலையில் இருப்பவர் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். தன் கையால் கொலை செய்தவனுக்கு இந்தக் கதவு திறக்காது.

பெயர் சொல்லாமல் துப்பு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அது வேறு வழி, அதன் பணமும் வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

1976இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகெர்க்கி நகரில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த கல்லூரி மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பே கிடைக்கவில்லை. கிரெக் மக்காலீஸ் என்ற துப்பறிவாளர், நடந்ததை நடித்துக் காட்டித் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப ஏற்பாடு செய்தார். பெயர் சொல்ல வேண்டாம், தகவல் உதவினால் பணம் உண்டு என்றார். ஒளிபரப்பைப் பார்த்த ஒருவர் சொன்ன தகவலை வைத்து மூன்று நாளுக்குள் ஆட்கள் சிக்கினார்கள். கிரைம் ஸ்டாப்பர்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

அந்த வழியில் அழைப்பவருக்கு ஓர் எண் மட்டும் கொடுப்பார்கள். பெயர் கேட்கமாட்டார்கள். தகவல் பலன் கொடுத்தால் அந்த எண்ணைச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். தொகை பொதுவாகச் சிறியது. கனடாவில் 1997இல் லைபர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படித் தகவல் சொன்னவரின் அடையாளத்தை வெளிப்படுத்தக்கூடிய விவரங்களைக் கூடப் பிரதிவாதி கேட்டுப் பெற முடியாது என்று சொல்லிவிட்டது.

அரசின் பெரிய தொகை அப்படி வராது. கொலை வழக்கில் “யாரோ போன் செய்து சொன்னார்கள்” என்பதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. பெயர் சொல்லி வாக்குமூலம் கொடுத்து, பல நேரம் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணையையும் தாங்க வேண்டியிருக்கும். சாட்சிப் பாதுகாப்பு, அடையாளத்தை மறைப்பது எல்லாம் உண்டு என்றாலும், முற்றிலும் முகம் தெரியாமல் 10 லட்சம் வாங்கிக்கொண்டு போகும் வழி ஏறக்குறைய இல்லை.

காசு வந்தால் பொய்யும் வராதா?

வரும். வரலாறு இதை மிகக் கசப்பாகச் சொல்லித்தந்திருக்கிறது. 1692 முதல் இங்கிலாந்தில் ஒரு வழிப்பறிக்காரனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தால் 40 பவுண்டு என்று சட்டமே இருந்தது. அன்றைக்கு அது பெரும்பணம். விளைவு என்னவென்றால், திருடனைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் முளைத்தார்கள். 1750களில் மெக்டேனியல் என்பவனின் கும்பல் அப்பாவி இளைஞர்களைத் திருட்டில் சிக்கவைத்து, நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொல்லி, தூக்குமேடைக்கு அனுப்பிப் பணம் வாங்கியது அம்பலமானது. பணத்துக்காக உயிரோடு இருப்பவர்களைச் சாகடித்திருக்கிறார்கள்.

அந்த நினைவு பிரிட்டன் அரசை நெடுநாள் விடவில்லை. 1880களில் லண்டனில் ஜெர்மன் தூதரகத்தில் வெடி வைத்து, பழியை அப்பாவி ஒருவர்மேல் போட்டு, வரப்போகும் சன்மானத்தை வாங்கச் சதி நடந்ததாகத் தெரிந்தபின் உள்துறை சன்மானம் கொடுக்கும் வழக்கத்தையே நிறுத்தியது. அதனால் 1888இல் லண்டனில் ‘ஜாக் த ரிப்பர்’ என்று அழைக்கப்பட்ட, யாரென்றே தெரியாத கொலையாளியின் கொலைகள் நடந்து மக்கள் கொதித்தபோதும் உள்துறை அமைச்சர் ஹென்றி மாத்யூஸ் அரசுப் பணம் அறிவிக்க மறுத்தார். அதேசமயம், கொலை செய்யாத உடந்தையாளர் முன்வந்தால் மன்னிப்பு உண்டு என்று அவனுக்குப் பலியானவர்களில் ஒருவரான மேரி கெல்லியின் கொலைக்குப் பிறகு அரசு அறிவித்தது. பணம் வேண்டாம், விலக்கு மட்டும் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இன்றைய நிபந்தனைகள் எல்லாம் இந்த அனுபவத்தில் விளைந்தவைதான். தகவல் போலீசுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கக் கூடாது. கொலையாளிக்கும் சம்பவ இடத்தில் இருந்தவருக்கும் மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய சில விவரங்களைப் போலீஸ் எப்போதும் வெளியே விடாமல் வைத்திருக்கும். வந்தவர் சொல்வது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். தனியாக இன்னொரு ஆதாரமும் தேடுவார்கள். சாட்சிக்குப் பணம் கிடைக்கக்கூடும் என்பது நீதிமன்றத்தில் வெளிப்படையாகப் பேசப்படும். அதை எடைபோடுவது ஜூரியின் வேலை. இவ்வளவு இருந்தும், சன்மானம் உள்ள வழக்கில் ஒரே ஒரு சாட்சியின் வாயை மட்டும் நம்பி ஒருவரைத் தண்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பொய்யைவிட அன்றாடத் தொல்லை ஒன்று இருக்கிறது: வெள்ளம்போல் வரும் தகவல். 1975 முதல் 1980 வரை வடக்கு இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் வழக்கில் சன்மானமும் விளம்பரமும் சேர்ந்து தகவலைக் கொட்டின. எல்லாம் கையால் எழுதிய அட்டைகள். சட்கிளிஃபைப் போலீஸ் ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டது. 1980இல் அவனுடைய நண்பரே சந்தேகப்பட்டுக் கடிதம் எழுதியும் அது குவியலில் அமுங்கிப்போனது. கடைசியில் 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் போலி நம்பர் பிளேட்டுக்காகச் சாதாரணச் சோதனையில் மாட்டினான். பணத்தை அறிவிக்கும் அரசு, வரும் போன்களைக் கேட்டுச் சரிபார்க்க ஆட்களையும் போட்டால்தான் அந்த அறிவிப்புக்கு அர்த்தம்.

தொகை பெரிதானால் பலன் பெரிதா?

அப்படிச் சொல்ல முடியாது. 1966 ஜனவரி 26 அன்று அடிலெய்டின் கிளெனெல்க் கடற்கரைக்குப் போன போமாண்ட் குடும்பத்தின் மூன்று குழந்தைகள் திரும்பவேயில்லை. 10 லட்சம் டாலர் வரை சன்மானம் இருந்தும் பதில் வரவில்லை. கனடாவில் 2017இல் கொல்லப்பட்ட ஷெர்மன் தம்பதி வழக்கில் குடும்பமே 3.5 கோடி கனடா டாலர் வரை உயர்த்தியது. ஒரு கொலை வழக்குக்கு அரசுகள் வழக்கமாக அறிவிப்பதைவிடப் பல மடங்கு பெரிய தொகை அது. விஷயம் தெரிந்தவர் யாருமே உயிரோடு இல்லையென்றால், அல்லது தெரிந்த ஒரே ஆள் கொலையாளிதான் என்றால், எத்தனை கோடி வைத்தாலும் பயனில்லை.

மறுபக்கம், பணமே காரணமில்லாமல் வந்து பணம் பெற்றவரும் உண்டு. 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் தபாலிலும் நேரிலும் 16 வெடிகுண்டுகள் வைத்து மூன்று பேரைக் கொன்ற ‘யுனபாம்பர்’ வழக்கில் 10 லட்சம் டாலர் அறிவிக்கப்பட்டிருந்தது. 1995 செப்டம்பரில் அவனுடைய நீண்ட அறிக்கை நாளிதழில் வெளியானது. டேவிட் கசின்ஸ்கி என்பவரின் மனைவிக்குத்தான் முதலில் சந்தேகம்: இது உன் அண்ணன் டெட் எழுதியதாக இருக்குமோ என்று. டேவிட் படித்தார். அண்ணன் பழைய கடிதங்களில் கையாளும் ஒரு வித்தியாசமான சொற்றொடர் அதில் அப்படியே இருந்தது. சொந்த அண்ணனுக்கு மரண தண்டனை கிடைக்கலாம். சொல்லாவிட்டால் இன்னொரு குண்டில் யாரோ சாகலாம். அவர் சொன்னார். 1998இல் கிடைத்த சன்மானத்தில் வரியும் வழக்குச் செலவும் போக மீதியைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தார்.

அப்புறம், நமக்கே ஏதாவது தெரிந்தால் என்ன செய்வது? நீங்களாகத் துப்பறியக் கிளம்ப வேண்டாம். சந்தேகப்படும் ஆளிடம் போய்க் கேட்கவும் வேண்டாம். நீங்கள் நேரில் பார்த்தது எது, உங்களிடம் ஒருவர் சொன்னது எது, நீங்களாக ஊகித்தது எது என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். நாள், இடம், யார் கூட இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அன்று யார் என்ன உடுத்தியிருந்தார் என்பது போன்ற, உங்களுக்கு அற்பமாகத் தெரியும் விவரத்தையும் விடாதீர்கள். பிறகு அறிவிப்பில் உள்ள எண்ணிலோ, விசாரணைப் பிரிவிலோ சொல்லுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது முக்கியம். பின்னால் யார் முதலில் சொன்னது என்ற கேள்வி வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று. பல வருடம் முன்பே ஒரு போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டேனே, அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சட்கிளிஃபின் நண்பர் எழுதிய கடிதத்துக்கு நேர்ந்ததுதான் உங்கள் தகவலுக்கும் நேர்ந்திருக்கலாம். சன்மானம் புதிதாக அறிவிக்கப்படும்போது பழைய கோப்பை ஒரு புதிய குழு முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கும். அவர்களிடம் திரும்பவும் சொல்லுங்கள்.